மீசை தேய்ந்த மீன்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் தொட்டியிலுள்ள கோரி மீன்கள் (அடித்தளத்தில் திரியும் சிறு கெளுத்தி வகை) எல்லாவற்றுக்கும் மீசை தேய்ந்துகொண்டே வருகிறது. கூர்மையான சரளைக் கற்களே காரணம் என்று கடையில் கூறினார்கள். கற்களை மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. கற்கள் மீது சுமத்தப்படும் பழியில் பாதிதான் நியாயம். கூரிய விளிம்புகள் மீசையின் தோலைக் கீறக்கூடும் என்றாலும், கீறிய இடம் ஆறாமல் முதலில் வெளுத்தோ சிவந்தோ வீங்கி, பின்னர் அழுகிக் குட்டையாவதற்குப் பெரும்பாலும் காரணமாவது, கற்களின் இடுக்கில் தங்கும் மிச்சத் தீனியிலும் கழிவிலும் பெருகும் பாக்டீரியாக்களே. சுவை மொட்டுகள் செறிந்த மீசையால் அடித்தளத்தைத் துழாவித்தான் கோரி இரை தேடுகிறது. ஆகவே தொட்டியின் அழுக்கு முதலில் தாக்குவதும் அதைத்தான். நீரையும் அழுக்கையும் உறிஞ்சி வெளியேற்றும் சைஃபன் குழாயை ஒரு மூலையில் கற்களுக்குள் இறக்கிப் பாருங்கள். கறுத்த நீரும் அழுகிய முட்டை நாற்றமும் வந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வாரந்தோறும் அடித்தளத்தைப் பகுதி பகுதியாக உறிஞ்சி, 25 முதல் 30 சதவீத நீரைக் குளோரின் நீக்கிய நீரால் மாற்றுங்கள். ஒரே நாளில் அனைத்தையும் கழுவிவிட்டால் மீன் கழிவில் உண்டாகும் நச்சான அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்களும் குறைந்துவிடும். அம்மோனியா, அது சிதையும்போது உண்டாகும் நைட்ரைட் என்ற நச்சு இரண்டும் நீர்ச் சோதனையில் பூஜ்யமாக இருக்க வேண்டும். "கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்" என்று சொல்லிக் கோரியை விற்கும் வழக்கம்தான் இந்தத் தொல்லைக்கு வேர் என்பது என் கருத்து.

கேள்வி: கற்களுக்குப் பதிலாக எம்-சாண்ட் போடலாமா?

பதில்: வேண்டாம். அது பாறையை உடைத்துச் செய்யப்படுவதால் அதன் துகள்கள் கோணலும் கூர்மையுமானவை. நீரோட்டத்தில் உருண்டு மழுங்கிய நுண்ணிய ஆற்று மணலை, கழுவும் நீர் தெளியும்வரை அலசி, 2 முதல் 4 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்கள். கடற்கரை மணலில் கிளிஞ்சல் தூள் கலந்திருக்கும் என்பதால் அது நீரின் கடினத்தன்மையை உயர்த்திவிடும்.

கேள்வி: என் தங்கமீனுக்கு மீசையே இல்லை. உதிர்ந்துவிட்டதா?

பதில்: இல்லை, தங்கமீனுக்கு இயல்பாகவே மீசை கிடையாது. இரண்டு இணை மீசை உள்ளது அலங்காரக் கெண்டையான கோய் மீனுக்கு. இரண்டையும் பிரித்தறிய இதைவிட எளிய அடையாளம் இல்லை.

கேள்வி: தேய்ந்த மீசை மீண்டும் வளருமா? கல் உப்பு போடலாமா?

பதில்: அடிப்பகுதி அழியாமல் இருந்தால், நீர் சீரான சில வாரங்களிலோ மாதங்களிலோ வளரக்கூடும், வேரோடு அழுகியிருந்தால் வளர்வது அரிது. உப்பு நோயின் காரணத்தை நீக்காது என்பதோடு, கோரி வகைகள் உப்பை அதிகம் தாங்குவதும் இல்லை. புண் வாய்வரை பரவினால் மட்டும் மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி, மீன் மருத்துவம் அறிந்தவரின் ஆலோசனைப்படி மருந்து கொடுங்கள். மீசை வளரும்வரை அது இரையைக் கண்டுபிடிக்கத் தடுமாறும் என்பதால், மூழ்கும் தீனியை விளக்கணைத்த பிறகு தினமும் ஒரே இடத்தில் இட்டு, மிஞ்சியதை மறுநாள் காலையில் எடுத்துவிடுங்கள்.