லெட்ஜ் வழுக்க மாட்டேங்குதா? காரைக்குடிப் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

தரை பாலிஷும் பூச்சு வேலையும் என் தொழில். ஸ்கேட்போர்டு ஓட்டும் பிள்ளைகளுக்கு லெட்ஜ் கட்டிக் கொடுப்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. லெட்ஜ் என்பது முழங்கால் உயர சிமென்ட் மேடை. அதன் விளிம்பில் டிரக்கையோ (பலகைக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் உலோக அச்சு) பலகையையோ உரசி ஓட்டுவதுதான் இவர்களுக்கு வேலை. அந்த விளிம்பைப் பற்றித்தான் கேள்விகள் எல்லாம்.

அண்ணே, வீட்டுக்குப் பின்னால் கட்டிய லெட்ஜில் ஏறினால் போர்டு அப்படியே நின்றுவிடுகிறது. மெழுகு நிறையத் தேய்த்தால் சரியாகுமா? (காரைக்குடி)

மெழுகு கடைசி வேலை தம்பி. மணல் துருத்திக்கொண்டிருக்கிற விளிம்பில் எவ்வளவு மெழுகு தேய்த்தாலும் நாலு தடவை ஓட்டியதும் போய்விடும். முதலில் சின்னச் சுத்தியலால் விளிம்பு நெடுக மெல்லத் தட்டிக்கொண்டே போ. பொத்தென்று சத்தம் வருகிற இடத்தில் பூச்சு உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அதைப் பெயர்த்துத்தான் ஆக வேண்டும். கணீரென்று கேட்டால் தேய்த்தாலே போதும்.

மொசைக் தரை பாலிஷுக்கு வாங்கும் கார்போரண்டம் கல் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். கரடுமுரடான நம்பரில் ஆரம்பித்து நைசுக்குப் போ. தண்ணீர் விட்டுக்கொண்டே, நீளவாக்கில் தேய். மேல்பக்கம் ஒரு கையகலம், பக்கச் சுவர் ஒரு கையகலம், அப்புறம் முனை. முனையைக் கத்தி மாதிரி விடாதே, முதல் அடியிலேயே உடையும். ஐந்தாறு மில்லிமீட்டர் அளவுக்கு உருண்டிருந்தால் போதும். அதற்கு மேல் உருட்டினால் டிரக் பிடிப்பில்லாமல் நழுவிவிடும். நன்றாகக் காய்ந்ததும் கான்கிரீட் சீலரோ தெளிவான லாக்கரோ இரண்டு கோட் அடித்துவிட்டு, அதன்மேல் மெழுகு தேய். அப்போது கொஞ்சமே போதும்.

முனையில் ஒரு சாண் நீளம் உடைந்துவிட்டது. கொத்தனாரை வைத்து இரண்டு தடவை பூசியும் விழுந்துவிட்டது. (தேவகோட்டை)

பழைய கான்கிரீட் காய்ந்து கிடக்கிறது. அதன்மேல் ஈரக் கலவையை வைத்தால் தண்ணீரை உறிஞ்சிவிடும். சிமென்ட் இறுகத் தண்ணீர் மிஞ்சாது. ஓரத்தில் தாள் மாதிரி மெலிந்து முடிகிற பூச்சும் நிற்காது.

உடைந்த இடத்தை உளியால் கொத்தி, ஓரங்கள் நேராக நிற்கும்படி பெட்டி வடிவில் வெட்டு. எந்த இடத்திலும் ஆழம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. பழைய மெழுகு ஒட்டியிருந்தால் அதையும் கொத்தி எடு. மெழுகின் மேல் எதுவும் ஒட்டாது. தூசியைக் கழுவி, இரவு முழுக்க ஈரச்சாக்குப் போட்டு வை. காலையில் மேலே தண்ணீர் தேங்காமல், உள்ளே மட்டும் ஈரம் இருக்க வேண்டும்.

எஸ்பிஆர் பால் (ஒட்டுவதற்காகச் சிமென்டில் கலக்கும் ரப்பர் பால் போன்ற திரவம்) கலந்த சிமென்ட் குழம்பைப் பிரஷ்ஷால் அழுத்தித் தடவு. அது காய்வதற்குள் கலவையை வைத்துவிடு. காய்ந்துபோனால் அதுவே ஒட்டவிடாத படலமாகிவிடும். இரண்டு முறை விழுந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். கலவை, சிமென்ட் ஒன்றுக்குச் சலித்த மணல் இரண்டரை, அதிலும் அதே பால், தண்ணீர் முடிந்தவரை குறைவு. பக்கத்தில் எண்ணெய் தடவிய பலகையைக் கட்டி, கரணையால் குத்திக் குத்தி நிரப்பு.

எஸ்பிஆர் கலந்ததற்கு முதல் ஒன்றிரண்டு நாள் ஈரச்சாக்கு, பிறகு நிழலில் காற்றாட விடு. பால் கலக்காத வெறும் கலவை என்றால் ஏழு நாளாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள். நம் ஊர் சித்திரை வெயிலில் பகலில் இந்த வேலையைச் செய்யவே கூடாது, சாயங்காலம் செய். 28 நாள் முடியும்வரை அதன்மேல் யாரும் ஏற வேண்டாம். பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது என்று தெரியும். ஆனாலும் ஒட்டுவேலை நிற்பது இந்தக் காத்திருப்பில்தான்.

மேலே சிமென்ட் பால் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

வேண்டாம். பார்க்க அழகு, ஆனால் மெல்லிய தோல். வெடிப்பு விட்டு, டிரக் பட்டதும் செதில் செதிலாக வரும்.

இரும்பு ஆங்கிள் வைக்கலாமா? துருப்பிடிக்காதா? (பள்ளத்தூர்)

அடிக்கடி ஓட்டுகிற லெட்ஜ் என்றால் அதுதான் நல்லது. எல் வடிவ ஆங்கிள், 50க்கு 50 மில்லிமீட்டர், ஐந்து அல்லது ஆறு மில்லிமீட்டர் தடிமன். உட்புறம் அடிக்கொரு கொக்கி வெல்டிங் செய்து, விளிம்பில் வெட்டிய பள்ளத்தில் கலவையோடு பதிக்க வேண்டும். மேல்மட்டம் கான்கிரீட்டோடு ஒன்றாக வரணும். ரசமட்டம் வைத்துப் பார். உரசும் இடம் தேய்ந்து தேய்ந்து பளிச்சென்றே இருக்கும். ஆபத்து பின்னால்தான்: இடைவெளி விட்டால் தண்ணீர் தேங்கும், இரும்பு துருவாகும்போது பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். 1948-ல் அடிக்கல் நாட்டிய நம் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆராய்ச்சி செய்யும் விஷயங்களில் இந்த அரிமானமும் ஒன்று. உட்பக்கத்துக்குப் பெயிண்ட் அடிக்காதே, பிடிப்புக் குறையும். கலவை இடைவெளியின்றி நிரம்பியிருந்தால் சிமென்டின் காரத்தன்மையே இரும்பைக் காக்கும். இரண்டு முனைகளையும் அரைத்து மழுக்கிவிடு, கால் கிழியும்.

கானாடுகாத்தானில் தாத்தா வீட்டுத் திண்ணை கண்ணாடி மாதிரி வழவழப்பு. அதில் ஓட்டலாமா அண்ணே?

கூடவே கூடாது. அது சுண்ணாம்புப் பூச்சு. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மெல்ல மெல்ல இறுகியது. சிமென்ட் அளவுக்குக் கடினம் கிடையாது. டிரக் ஒரு தடவை உரசினால் கோடு விழும். அதைச் சிமென்ட் வைத்து மூடினால் உள்ளே ஈரம் அடைபட்டு, சுற்றியுள்ள நல்ல பூச்சும் உப்பிக்கொள்ளும். அந்த வேலை தெரிந்த கைகள் இன்று குறைந்துபோய்விட்டன. முற்றத்துக்கு வெளியே தனியாக ஒரு லெட்ஜ் கட்டிக்கொள், கிரானைட் கடையில் மிஞ்சிய துண்டை விளிம்புக்குப் போடு. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் லவ் பார்க் ஸ்கேட்டர்களிடையே பேர் வாங்கியதும் கிரானைட் மேடைகளால்தான்.

ஆத்தங்குடிக் கல் போடலாமா என்று இன்னொரு தம்பி கேட்டிருந்தார். அதுவும் வேண்டாம். அது சுடாத சிமென்ட் கல். நிறமுள்ள மேல்பகுதி மெல்லியது, ஓரம் உடனே பொரியும்.

என் மகன் கிரைண்டர் மெஷினால் தேய்க்கிறேன் என்கிறான். பயமாக இருக்கிறது. (கோட்டையூர்)

உங்கள் பயம் நியாயமானது அக்கா. கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் திரும்ப எடுக்க முடியாது. கைக்குட்டை கட்டுவது போதாது, என்95 மாஸ்க்கும் கண்ணாடியும் வேண்டும். சாதாரண மெஷினில் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் ஷாக் அடிக்கும் ஆபத்தும் உண்டு. கையால் தேய்க்கச் சொல்லுங்கள், ஈரக்கல்லால். அரை நாள் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான்.

எந்த மெழுகு? ஊருணிப் படிக்கட்டிலும் தேய்க்கலாமா?

வீட்டு மெழுகுவர்த்தியே போதும். வெயில் ஏறிய விளிம்பில் தேய்த்தால் துளைகளுக்குள் இறங்கும். ஊருணிப் படியில் ஒரு கோடுகூடப் போடாதே தம்பி. குடத்தோடு இறங்குகிறவர்கள் வழுக்கி விழுவார்கள். ஏற்கெனவே தேய்த்திருந்தால் இன்றைக்கே சுரண்டி எடுத்து, சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவு.