ராசி என்று சொல்லாதீர்கள்

கேள்வி: முகமது அலி, ஜோ ஃபிரேசியர், ஜார்ஜ் ஃபோர்மன் காலத்து ஹெவிவெயிட் பாக்ஸிங் பற்றி நண்பர்களோடு பேச்சு வரும்போதெல்லாம் நான் ஜிம்மி யங் பெயரைச் சொல்வேன். யாரும் கண்டுகொள்வதில்லை. அந்தப் பொற்காலத்தின் ராசியில்லாத வீரர் அவர்தானே? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: ஜிம்மி யங்கை ஞாபகம் வைத்திருப்பதற்கு முதலில் கை கொடுங்கள். ஆனால் 'ராசியில்லாத' என்று எழுதினீர்களே, அதற்காக உங்களோடு சண்டை போட்டே ஆக வேண்டும்.

இந்த வார்த்தையோடு எனக்கு ரொம்ப நாள் பகை. உதவி ஆசிரியராக இருந்தபோது ஒரு சினிமாக் கட்டுரையில் 'ராசியில்லாத நடிகை' என்று வந்ததை அடித்துவிட்டு 'அடுத்தடுத்து மூன்று படங்கள் ஓடாத நடிகை' என்று திருத்தினேன். அச்சாகி வந்தபோது பழையபடி ராசியில்லாத நடிகைதான். கதை எழுதியவர், படத்தை எடுத்தவர், தீபாவளிக் கூட்டத்தில் கொண்டுபோய் ரிலீஸ் செய்தவர் எல்லோரும் தப்பித்துக்கொண்டார்கள், பழி அந்தப் பெண் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து என் கைக்கு வரும் பக்கங்களில் இந்தச் சொல்லைப் பார்த்தால் விடுவதில்லை.

வீடுகளில் இன்னும் மோசம். 2011 உலகக் கோப்பை ஃபைனலை மாமியார் வீட்டில் பார்த்தோம். சச்சின் 18 ரன்னில் அவுட்டான அந்த நொடி பார்த்து என் மச்சான் காபி டம்ளரோடு ஹாலுக்குள் வந்தார். அவ்வளவுதான், "நீ வந்ததும்தான்டா போச்சு" என்று பெற்ற தாயே அவரைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டார். ஓவருக்கு ஒரு தடவை குழந்தைகள் ஓடிப்போய் ஸ்கோர் சொல்லிவிட்டு வந்தார்கள். பாத்ரூம் போக உள்ளே வந்தால்கூட டிவி பக்கம் முகத்தைத் திருப்பக் கூடாது, சுவரோரமாகப் போய் சுவரோரமாகவே வர வேண்டும். கம்பீர் 97இல் அவுட்டானதும் "ஜன்னல் வழியா எட்டிப் பாத்தியா?" என்று இரண்டாவது விசாரணை. தோனி சிக்ஸர் அடித்து தெருவே அலறியபோது மச்சான் திண்ணையில் கொசு அடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "நல்லவேளை, நீங்க வெளியவே இருந்தீங்க" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதல் ஓவரிலேயே இறங்கி 97 ரன் எடுத்த கம்பீரைப் பற்றி அந்தத் தெருவில் ஒருத்தரும் பேசவில்லை.

சரி, யங்குக்கு வருகிறேன். ஃபிலடெல்பியாக்காரர். அந்த ஊர் பாக்ஸர் என்றாலே ஃபிரேசியரைப் போல நேராக முன்னால் வந்து மோதுகிற ஆள் என்று பெயர். யங் நேர் எதிர். அடி வரும் திசையில் அவர் இருக்கவே மாட்டார், தோளை லேசாகச் சாய்ப்பார், அரை அடி பின்னால் போவார், எதிராளியின் கை காற்றைக் குத்திவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டு குத்து வைத்துவிடுவார். நாக் அவுட்டுக்காக டிக்கெட் எடுக்கிற கூட்டம் இதற்குக் கை தட்டாது.

1976 ஏப்ரல் 30, மேரிலாந்தில் லாண்டோவர். சாம்பியன் அலி 230 பவுண்டு, அதாவது 104 கிலோ. அதுவரை அவர் ரிங்குக்குள் ஏறியதிலேயே அதிக எடை அதுதான். யங்கை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதை உடம்பே சொன்னது. 15 ரவுண்டும் அலி தடுமாறினார். ஆனால் அலி நெருங்கி வந்தபோது யங் சில தடவை கயிறுகளுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார். அப்படி நீட்டினால் நடுவர் இருவரையும் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஒரு தடவை, கீழே விழுந்தவனுக்கு எண்ணுவதுபோல நடுவர் எண்ணவே ஆரம்பித்துவிட்டார். பட்டத்துக்குச் சண்டை போடுகிறவன் கயிற்றுக்கு வெளியே தலையைக் கொண்டுபோனால், பாயிண்ட் எழுதுகிறவர்களுக்கு வேறு காரணம் எதற்கு? மூன்று பேருமே அலிக்குக் கொடுத்தார்கள். ஒருவர் கணக்கு 70-68, இன்னொருவருடையது 72-65. ஒரே சண்டையைத்தான் இருவரும் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள்! அந்த 72-65ஐ நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. தலையை நீட்டியது யங்கின் தப்பு, அதையும் மறைக்க மாட்டேன். இதில் ராசி எங்கே வந்தது?

அடுத்த வருஷம் மார்ச் 17, பியூர்ட்டோ ரிக்கோவில் சான் வான். எதிரில் ஃபோர்மன். ஏழாவது ரவுண்டில் ஃபோர்மனின் அடி சரியாக விழுந்து யங் தள்ளாடிப்போனார். அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். கட்டிப்பிடித்து, நழுவி, மூச்சு வாங்கி அந்த ரவுண்டைத் தாண்டினார். அதற்கப்புறம் சோர்ந்தது ஃபோர்மன்தான். 12ஆவது, கடைசி ரவுண்டில் ஃபோர்மனைக் கீழே விழவைத்து, மூன்று பேரின் தீர்ப்பிலும் ஜெயித்தார். அன்று டிரஸ்ஸிங் ரூமில் தான் செத்துக்கொண்டிருப்பதாக உணர்ந்து கடவுளைக் கண்டதாக ஃபோர்மன் சொன்னார், பத்து வருஷம் ரிங் பக்கமே வராமல் பிரசங்கியார் ஆனார், திரும்பி வந்து 1994இல் 45 வயதில் மறுபடி சாம்பியன் ஆனார். அந்தக் கதையை எல்லோரும் டிரஸ்ஸிங் ரூமிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அவரை அந்த நிலையில் அங்கே அனுப்பிவைத்தவன் பெயரைச் சொல்வதில்லை.

ரான் லைலை உங்கள் நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். 1976இல் அவரும் ஃபோர்மனும் மாறி மாறி விழுந்து எழுந்த சண்டையை யாரால் மறக்க முடியும்? அதில் லைல் தோற்றார். அந்த லைலை யங் இரண்டு தடவை ஜெயித்திருக்கிறார். ஃபோர்மனிடம் தோற்றவரை நினைவு வைத்திருக்கிறோம், லைல், ஃபோர்மன் இரண்டு பேரையும் ஜெயித்தவரை விட்டுவிட்டோம். லைல் அடித்தார், அடி வாங்கினார், அது கண்ணுக்குத் தெரிகிறது. படாத அடி யார் கண்ணுக்கும் தெரியாது.

எனக்கு அதிகம் வலிப்பது 1977 நவம்பர் 5. லாஸ் வேகஸில் கென் நார்ட்டனோடு 15 ரவுண்ட். தீர்ப்புச் சொன்ன மூன்று பேரில் இரண்டு பேர் நார்ட்டன் பக்கம். நாலு மாதம் கழித்து, அலியை ஜெயித்து சாம்பியனாகியிருந்த லியான் ஸ்பிங்க்ஸிடமிருந்து பட்டத்தைப் பறித்த டபிள்யூபிசி என்ற உலக பாக்ஸிங் அமைப்பு, இந்த வெற்றியைக் காட்டியே நார்ட்டனை உலக சாம்பியன் என்று அறிவித்தது. ஒரே ஒருவர் மாற்றி எழுதியிருந்தால் சாம்பியன்கள் பட்டியலில் இன்று யங் பெயர் இருக்கும். அதன்பின் அவர் பழைய யங்காக இல்லை. ஆஸி ஒகாசியோவிடம் இரண்டு தடவை தோற்றார், 1980இல் முகத்தில் வெட்டுப்பட்டு ஜெரி கூனியிடம் தோற்றார். 2005இல் இறந்தபோது வயது 56தான்.

ராசி என்று சொன்னால் 72-65 போட்டவரும் தப்பித்துவிடுவார், கை தட்டாத நாமும் தப்பித்துவிடுவோம். அடுத்த தடவை நண்பர்கள் கூடும்போது லாண்டோவர் சண்டையைப் போட்டுக் காட்டுங்கள், இணையத்தில் கிடைக்கிறது. வர்ணனையைக் கேட்காமல் சத்தத்தை நிறுத்திவிடுங்கள். அலியின் குத்துகளில் எத்தனை யங் மேல் பட்டன என்று ஆளுக்கொரு பேப்பரில் எண்ணச் சொல்லி, அந்தக் கணக்கை எனக்கு எழுதி அனுப்புங்கள்.