அடகு வைத்து வாங்கும் பிங்க் கல்

கேள்வி: எனக்கு 38 வயது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். கொழுந்தனார் இரண்டு வருடமாகக் கல் நகை வியாபாரம் செய்கிறார். எனக்குப் பிங்க் நிறம் பிடிக்கும், அவருக்கும் உதவியாக இருக்கட்டும் என்று என் தங்க வளையல்களை அடகு வைத்து முதலில் குன்ஸைட் மோதிரம், பிறகு மார்கனைட் பதக்கம் வாங்கினேன். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியை மட்டும் கட்டி வருகிறேன், அசல் அப்படியே நிற்கிறது. இப்போது பிங்க் சஃபையர் செட் ஒன்று வந்திருக்கிறதாம். "சுரங்கத்தையே மூடிட்டாங்க அண்ணி, பிங்க் கல்லுக்கு இனி விலை ஏறிக்கிட்டேதான் போகும்" என்கிறார். சங்கிலியையும் அடகு வைத்தால் வாங்கிவிடலாம். எந்தப் பிங்க் கல் நல்லது? மோதிரக் கல் கொஞ்சம் வெளிறின மாதிரி தெரிகிறதே, ஏன்?

பதில்: நீங்கள் அனுப்பிய வரவு செலவுக் கணக்கை முழுவதும் பார்த்தேன். சேமிப்பு, காப்பீடு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அந்தப் பாடத்தை உங்களுக்கு நடத்த வேண்டியதில்லை. ஓட்டை ஒரே இடத்தில்தான்: தங்கத்தை அடகு வைத்துக் கல் வாங்கும் பழக்கம்.

அடகுக் கடையில் நகையை எப்படி எடை போட்டார்கள் என்று நினைவிருக்கிறதா? கல் வைத்த நகை என்றால் கல்லின் எடையைக் கழித்துவிட்டு, மிச்சமிருக்கும் தங்கத்துக்கு மட்டும்தான் கடன். உங்கள் மார்கனைட் பதக்கத்தை அங்கே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், கல்லை எண்ணிக்கையில்கூடச் சேர்க்க மாட்டார்கள். ஆக, அவசரத்துக்குக் கைகொடுக்கும் பொருளைப் பூட்டி வைத்துவிட்டு, அவசரத்துக்கு உதவாத பொருளைக் கையில் வைத்திருக்கிறீர்கள். அதற்கு மாதா மாதம் வட்டி வேறு.

தோராயமாக ஒரு கணக்குப் போடுவோம். நகையின் பில் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தங்கம் 30, செய்கூலி 10, கல் 60. இரண்டு வருட வட்டி 24. மொத்தம் உங்கள் கையை விட்டுப் போனது 124. இன்று விற்கப் போனால் தங்கத்துக்கு 30 கிடைக்கலாம். செய்கூலி போனது போனதுதான். கல்லுக்குப் பாதி விலை தருகிறார்கள் என்று தாராளமாகவே வைத்தாலும் 30. கைக்கு வருவது 60. தங்கம் விலை ஏறியிருந்தால் கொஞ்சம் கூடும், ஆனால் அந்த ஏற்றம் வளையலாக வைத்திருந்தாலும் வந்திருக்கும்.

போட்ட 124 திரும்பி வரவேண்டும் என்றால் கல் மட்டுமே 94-க்குப் போகவேண்டும். வாங்குகிறவர் கடை விலையில் பாதிதான் தருவார் என்றால், கடை விலை 188 ஆகியிருக்க வேண்டும். 60 ஆக இருந்தது 188. அதாவது இரண்டே வருடத்தில் மூன்று மடங்கு! கொழுந்தனார் இதற்கு உத்தரவாதம் எழுதித் தருவாரா?

அவர் சொல்லும் சுரங்கக் கதை பொய்யில்லை. ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் 2020 நவம்பரில் மூடப்பட்டது. உலகின் பிங்க் வைரங்களில் சுமார் 90 சதவீதம் அங்கிருந்துதான் வந்தன. ஆனால் அது வைரம். உங்களிடம் இருப்பது குன்ஸைட்டும் மார்கனைட்டும், வரப்போவது சஃபையர். அந்தச் சுரங்கத்துக்கும் இவற்றுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 2017-இல் ஹாங்காங்கில் 'பிங்க் ஸ்டார்' என்ற வைரம் 7 கோடியே 12 லட்சம் டாலருக்கு ஏலம் போனதையும் இப்படித்தான் எடுத்து வீசுவார்கள். அது 59.60 காரட்! மார்கனைட்டுக்கு ஜே. பி. மார்கன் என்ற பெரிய வங்கியாளரின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பதற்காக அது வைப்புநிதி ஆகிவிடாது.

மோதிரம் வெளிறியது உங்கள் கண்ணின் கோளாறு இல்லை. குன்ஸைட் வெயிலிலும் பலமான வெளிச்சத்திலும் நாளாவட்டத்தில் நிறம் இழக்கும் கல். வைரத்துக்கு 10 என்று வைத்த அளவுகோலில் அதன் கடினத்தன்மை 6.5 முதல் 7 வரைதான். ஓங்கித் தட்டினால் பிளவுபடவும் செய்யும். தினமும் போடும் மோதிரத்துக்கு அதைப் பரிந்துரைத்ததே தவறு. மாலை நேர விசேஷங்களுக்கு மட்டும் போட்டுக்கொண்டு, மற்ற நேரம் பெட்டியில் இருட்டில் வையுங்கள்.

எந்தக் கல் என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், ஆசைப்படுவதில் தப்பில்லை. தினசரி மோதிரம் என்றால் பிங்க் சஃபையர் நல்ல தேர்வு, கடினத்தன்மை 9. மாணிக்கத்தின் இனம்தான். குரோமியம் கொஞ்சமாக இருந்தால் பிங்க், கூடினால் சிவப்பு. அடுத்தது ஸ்பினல், கடினத்தன்மை 8. பெரும்பாலும் சூடேற்றாமல் இயற்கை நிறத்திலேயே விற்பனைக்கு வரும். என்னைக் கேட்டால் இதற்கே என் ஓட்டு. மார்கனைட்டும் டூர்மலினும் தோட்டுக்கும் பதக்கத்துக்கும் போதும். பளிச்சென்ற பிங்க் டோபாஸ் மலிவாகக் கிடைத்தால் அந்த நிறம் மேல்பூச்சாக இருக்கலாம், அது கீறினால் போய்விடும். ரோஸ் குவார்ட்ஸ் பால் கலந்ததுபோல் மங்கலாக இருக்கும், ஆனால் அழகு, அதற்காக யாரும் வளையலை அடகு வைக்கவேண்டி வராது.

சஃபையருக்குச் சூடேற்றி நிறம் திருத்துவது சர்வ சாதாரணம், அது மோசடி ஆகாது. ஆனால் விற்கும்போது சொல்லவேண்டும். ஆய்வகத்தில் வளர்த்த பிங்க் சஃபையரும் ஏராளம், வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் சுயேச்சையான ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். ஜி.ஐ.ஏ (அமெரிக்க ரத்தினக்கல் ஆய்வு நிறுவனம்) போன்ற ஆய்வகங்கள் அறிக்கையில் விலை போடுவதில்லை. உங்கள் பதக்கத்தோடு வந்த "சான்றிதழில்" கல்லின் மதிப்பு பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தால், அது யார் அடித்த காகிதம் என்று விசாரியுங்கள். பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியே இருக்கவேண்டும். ஒரு காரட் என்பது 0.2 கிராம். 5 காரட் கல்லின் எடையைக் கழிக்காமல் விட்டால், ஒரு முழு கிராம் கல்லுக்குத் தங்க விலை கொடுத்திருப்பீர்கள்.

சங்கிலியைத் தொடவேண்டாம். வட்டி போக மாதம் எவ்வளவு முடிகிறதோ அதை அசலில் கட்டி முதலில் வளையல்களை மீட்டுவிடுங்கள். அதன் பிறகும் சஃபையர் ஆசை இருந்தால், கடன் இல்லாமல், சிறிய கல்லாக, சம்பளத்தில் சேர்த்து வாங்குங்கள். அந்தப் பணத்தைச் செலவுக் கணக்கில் எழுதுங்கள், முதலீட்டுக் கணக்கில் வேண்டாம்.

கொழுந்தனாரிடம் முகம் கோணாமல் மறுக்க வழி கேட்பீர்கள். "தம்பி, போன வருஷம் கொடுத்த பதக்கத்தை நீங்களே திரும்ப எடுத்துக்கோங்க, இன்னைக்கு விலைக்கு என்ன தருவீங்க?" என்று கேளுங்கள். விலை ஏறிக்கொண்டேதான் போகும் என்பவர் லாபம் வைத்தே எடுத்துக்கொள்ளலாமே. எடுத்துக்கொண்டால் அந்தப் பணத்தை அப்படியே அடகுக் கடையில் கட்டுங்கள். தயங்கினால் உங்கள் கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, மேலே போட்ட 124 கணக்கை இருவருக்கும் காட்டுங்கள்.