வகுப்பறையில் வண்ணத்துப்பூச்சி: வாசகர் கேள்வி பதில்

வகுப்பில் புழு வளர்ப்பது பற்றிப் பினாங்கு ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த மாதம் பதில் தருகிறோம்.

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை வகுப்பிலேயே காட்ட ஆசை. எந்த வகை எளிது? எத்தனை புழு போதும்? எத்தனை நாள் ஆகும்?
— ஆசிரியை, ஆயர் ஈத்தாம்

எலுமிச்சை அழகியைத் தேர்ந்தெடுங்கள். கறுப்பு இறகில் வெளிர்மஞ்சள் திட்டுகள், பின்னிறகின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. பின்னிறகில் வால் இருக்காது. லிமாவ் கஸ்தூரி என்ற சிறு எலுமிச்சைச் செடியும் கறிவேப்பிலையும் இருக்கும் இடத்துக்கு அது தானாக வரும். இளந்தளிரில் ஒவ்வொன்றாக முட்டையிடும். முட்டை வெளிர்மஞ்சளாக, உருண்டையாக, சுமார் 1 மில்லிமீட்டர் இருக்கும். கறிவேப்பிலையில் அதன் உறவான கறிவேப்பிலை அழகியும் முட்டையிடும். இரண்டின் புழுக்களும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், வளர்க்கும் முறையும் ஒன்றுதான்.

நம் ஊர் வெப்பத்தில் முட்டை பொரிய 3 நாள், புழுப் பருவம் ஏறக்குறைய 2 வாரம், கூட்டுப்புழுப் பருவம் ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். விடுமுறைக்கு முன் முழுதாக 4 வாரம் கையில் இருந்தால்தான் தொடங்குங்கள். கூட்டுப்புழு ஆனபின் பள்ளி மூடிவிட்டால், பிள்ளைகள் காத்திருந்த நாளையே இழப்பார்கள்.

முப்பது பேர் உள்ள வகுப்புக்கு 6 புழு போதும். இருபது, முப்பது என்று சேர்ப்பவர்கள் கடைசி வாரத்தில் இலைக்கு அலைகிறார்கள். புழு நான்கு முறை தோலுரிக்கும். முதல் நான்கு பருவங்களிலும் பறவை எச்சம் போன்ற பழுப்பு வெள்ளை நிறத்தில் இருக்கும்; ஐந்தாம் பருவத்தில் பச்சையாகும். வாழ்நாளில் தின்னும் இலையில் பெரும்பகுதியை அந்தக் கடைசிச் சில நாட்களில்தான் தின்னும். ஆகவே புழுவுக்கு முன்னால் செடியைத் தயார் செய்யுங்கள்: முழங்கால் உயரத்துக்கு அடர்ந்து வளர்ந்த லிமாவ் கஸ்தூரி இரண்டு பூச்சாடி. ஒன்று கூண்டுக்குள் இருக்கட்டும், மற்றது வெளியே துளிர்க்கட்டும். லிமாவ் கஸ்தூரியில் தொடங்கிய புழுவை நடுவில் கறிவேப்பிலைக்கு மாற்ற வேண்டாம். பல நேரம் தின்ன மறுத்துப் பட்டினி கிடக்கும்.

சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையைக் கழுவித்தான் போட்டோம். மறுநாள் காலையில் எல்லாப் புழுக்களும் பச்சைத் தண்ணீரைக் கக்கிச் செத்துக் கிடந்தன. ஏன்?
— பெற்றோர், ஜார்ஜ் டவுன்

பச்சைத் தண்ணீர் கக்குவதும், உடல் துடித்துச் சுருள்வதும், எல்லாம் ஒரே இரவில் சாவதும் பூச்சிமருந்தின் அடையாளங்கள். நோய் ஒன்று இரண்டாகத்தான் பரவும். சில மருந்துகள் செடியின் சாற்றோடு கலந்து இலைக்குள்ளேயே இருக்கும், கழுவினால் போகாது. விற்பனைக்கு வந்த இலையைப் புழுவுக்குக் கொடுக்கவே கூடாது.

செடிக்கடையில் வாங்கிய பூச்சாடிக்கும் இதே எச்சரிக்கைதான். சீனப் புத்தாண்டுக்காகக் காய்த்துக் குலுங்க வளர்க்கும் லிமாவ் செடிகளைப் பண்டிகை முடிந்ததும் மலிவாக வாங்கத் தோன்றும். பூச்சி தொடாத அழகுக்காக மருந்தடித்து வளர்த்தவை அவை. வாங்கினால் இரண்டு மாதமாவது வெளியே வைத்து, புதிதாகத் துளிர்த்த இலையை மட்டும் பயன்படுத்துங்கள். அதற்கு முன் ஒரே ஒரு புழுவை அந்தத் தளிரில் விட்டு 2 நாள் பாருங்கள். அது நன்றாகத் தின்றால் மற்றவற்றையும் விடலாம்.

டிங்கி கொசுவுக்கு அடிக்கும் புகையும் இதே போலக் கொல்லும். பள்ளியில் புகையடிக்கும் நாளைக் கேட்டு வைத்து, கூண்டையும் செடியையும் முந்தின நாளே ஒருவர் வீட்டுக்குக் கொண்டு போய்விடுங்கள். புகை பட்ட செடியின் இலையை ஓரிரு வாரம் தொட வேண்டாம். வகுப்பில் கொசுவர்த்தி, தெளிப்பான் எதுவும் கூடாது.

கூண்டு எப்படி அமைப்பது? எறும்பும் பல்லியும் தொல்லை.
— ஆசிரியர், பாயான் லெப்பாஸ்

முதல் வாரத்துக்குச் சாப்பாட்டு நெகிழிப் பெட்டி போதும். அடியில் டிஷ்யூ தாள், மேலே இளம் இலை, வாயில் மெல்லிய துணி கட்டி ரப்பர் வளையம். தினமும் காலையில் எச்சத்தைக் கொட்டித் தாளை மாற்றுங்கள். பெட்டிச் சுவரில் நீர் முத்துகள் தெரிந்தால் ஈரம் அதிகம். ஈரத்தில் எச்சம் பூஞ்சை பிடித்துப் புழுவுக்கு நோய் வரும்.

புழு 2 சென்டிமீட்டர் வளர்ந்ததும் வலைக்கூண்டுக்கு மாற்றுங்கள். மடக்கி விரிக்கும் வலைத் துணிக்கூடை, 50 சென்டிமீட்டர் உயரமாவது உள்ளது, நன்றாக வேலை செய்யும். வாயை வெள்ளைத் துணியால் இறுகக் கட்டினால் பல்லி நுழையாது. மேசையின் நான்கு கால்களையும் சோப்பு கலந்த நீர்க் கிண்ணங்களில் வைத்தால் எறும்பு ஏறாது. மேசை சுவரையோ திரைச்சீலையையோ தொடக் கூடாது, அந்த ஒரு பாலமே எறும்புக்குப் போதும்.

பூச்சாடிக்குப் பதில் கிளையை வெட்டி வைத்தால், சிறு புட்டியில் நீர் ஊற்றி வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள். திறந்த வாய் என்றால் புழு தண்டு வழியே இறங்கி மூழ்கும். ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். தேங்கிய நீரில் கொசுப்புழு இருந்தால் 1975 ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தில் பள்ளிதான் பொறுப்பு. புட்டி நீரைத் தினமும், கிண்ண நீரை 2 நாளுக்கு ஒருமுறையும் மாற்றுங்கள்.

மின்விசிறிக்கு நேர் கீழேயும் சன்னல் வெயிலிலும் கூண்டு வேண்டாம். சனி, ஞாயிறு யார் பார்ப்பது என்பதை முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள்.

புழு ஒரு நாளாக அசையவில்லை. செத்துவிட்டதா?
— மாணவர்கள், பிறை

பெரும்பாலும் தோலுரிக்கப் போகிறது. இலையில் பட்டுநூல் விரிப்பைப் பின்னி, அதைக் கால்களால் பற்றிக்கொண்டு ஒரு நாள் வரை அப்படியே இருக்கும். பிய்த்து எடுத்தால் காலில் காயம் படும். இடம் மாற்ற வேண்டுமென்றால் இலையோடு மாற்றுங்கள். சின்னஞ்சிறு புழுவுக்கு ஓவியத் தூரிகை நல்லது. சீண்டினால் தலைக்குப் பின்னால் செம்மஞ்சள் கொம்பு இரண்டு நீண்டு நாற்றமடிக்கும். அது கடிக்காது, கொட்டாது. எதிரியை விரட்டத்தான் அந்த நாற்றம்.

பெரிய பச்சைப் புழு நீர்த்த எச்சம் போட்டு, தீனியை விட்டுக் கூண்டெங்கும் அலைந்தால் கூடு கட்ட இடம் தேடுகிறது. பென்சில் பருமனில் சொரசொரப்பான குச்சிகள் சிலவற்றைச் சாய்த்து வையுங்கள்.

கூட்டுப்புழு கீழே விழுந்துவிட்டது. முன்பு ஒன்று வெளிவந்தும் இறகு சுருங்கியே இருந்தது.
— ஆசிரியை, ஜெலுத்தோங்

விழுந்ததைக் காப்பாற்றலாம். கச்சாங் பூத்தே என்ற கடலைத் தீனியை மடித்துத் தரும் கூம்பு போலச் சொரசொரப்பான காகிதத்தில் சிறு கூம்பு செய்து, வால் நுனி கீழே, தலை மேலே இருக்கும்படி அதில் வைத்து, கூண்டின் வலைச் சுவரில் குத்திவிடுங்கள். தலை விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். புதிதாக உருவான கூடு மென்மையானது. ஒரு நாள் கழித்து, கெட்டியான பின்பே தொடுங்கள்.

இறகு சுருங்குவதற்குப் பெரும்பாலும் இடமே காரணம். வெளிவரும்போது இறகு ஈரமாக, மடிந்து இருக்கும். பூச்சி மேலே ஏறித் தொங்கி, உடலின் நீரை இறகு நரம்புகளுக்குள் செலுத்தி விரிக்கும். இதற்குக் கால் மணி நேரம் போல ஆகும். பிடிமானம் இல்லாமல் வழுக்கி விழுந்தால் இறகு மடிந்தபடியே காய்ந்துவிடும், பிறகு நிமிர்த்த முடியாது. கண்ணெதிரே விழுந்தால் உடனே ஒரு குச்சியை நீட்டுங்கள், பற்றி ஏறும். கூட்டைப் பிரித்து உதவ வேண்டாம். அப்போது சொட்டும் சிவந்த நீர் ரத்தம் இல்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் சின்னப் பிள்ளைகள் அழுதுவிடுவார்கள்.

கூட்டின் ஓடு கருத்து உள்ளே இறகின் கோலம் தெரிந்தால், மறுநாள் காலையில் எதிர்பார்க்கலாம். விரிந்தபின் 2, 3 மணி நேரம் தொடாமல் விட்டு, வெயில் இருக்கும்போதே வெட்சிப் பூப்புதர் அருகே பறக்கவிடுங்கள். மழையென்றால் மறுநாள் வரை கூண்டில் இருக்கட்டும்.

இரண்டு கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் குட்டிக் குளவிகள் கூட்டமாக வந்தன. எங்கே தவறினோம்?
— ஆசிரியர், புக்கிட் மெர்தாஜம்

புழுவைப் பெரிதானபின் செடியிலிருந்து எடுத்திருப்பீர்கள், அல்லது கூண்டின் வலைக்கண் பெரிதாக இருந்திருக்கும். இந்தக் குளவி புழு கூடாக மாறும் நேரத்துக்காகவே காத்திருந்து, ஓடு கெட்டியாகும் முன் முட்டையிடும். கூடு பழுப்பேறி, இறகுக் கோலமே தெரியாமல் விறைத்துப் போகும். பிறகு ஊசித் துளை வழியே குளவிகள் வரும். ஒரே பெரிய துளையும் அருகில் செம்பழுப்பு நிறத்தில் பீப்பாய் வடிவக் கூடும் கிடந்தால், அது ஒட்டுண்ணி ஈயின் வேலை.

இதைத் தடுக்க முட்டையாகவே எடுத்து வந்து வளர்ப்பதுதான் வழி. கொசுவலை போதாது, கூடு கட்டும் நாட்களில் வேட்டித் துணியால் கூண்டைச் சுற்றுங்கள்.

ஆனால் அந்த இரண்டு கூடுகளைத் தூக்கி எறியாதீர்கள். மூடிய கண்ணாடிக் குப்பியில் வைத்து உருப்பெருக்கியால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எல்லாப் புழுவும் வண்ணத்துப்பூச்சி ஆனால் ஊரில் லிமாவ் இலையே மிஞ்சாது. பாடநூல் வட்டப்படத்தில் இல்லாத இந்தப் பாதியை நேரில் பார்க்கும் வாய்ப்பு எல்லா வகுப்புக்கும் கிடைக்காது.

ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியை வளர்க்கலாமா?
— மாணவி, தஞ்சோங் பூங்கா

கூடாது. 2010 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. காட்டுக் கொடி ஒன்றைத் தின்று வளரும் புழு அது. உயிருள்ள வண்ணத்துப்பூச்சிகளைக் கூட்டமாகப் பார்க்க வகுப்பைத் தெலுக் பஹாங்கில் உள்ள என்தோப்பியாவுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். 1986 இல் வண்ணத்துப்பூச்சிப் பண்ணையாகத் தொடங்கிய இடம் அது.

கோயில் எருக்கஞ்செடியில் வரிவரியான புழுக்கள் இருக்கின்றன. அவற்றையும் எடுக்கலாமா?
— பெற்றோர், பட்டர்வொர்த்

அவை வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுக்களாக இருக்கலாம். வளர்ப்பதும் எளிது, கூடு தலைகீழாகத் தொங்கும். ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும். ஆசிரியர் மட்டும் கையுறை போட்டு இலையைப் பறித்து, பால் வடிந்து நின்றபின் கூண்டில் வைக்க வேண்டும். கீழ்வகுப்புகளுக்கு லிமாவ் கஸ்தூரியே போதும். உடலெல்லாம் மயிர் உள்ள புழுவை மட்டும் எந்தச் செடியில் கண்டாலும் தொட வேண்டாம். பலவற்றின் மயிர் தோலில் குத்தி அரிப்பையும் தடிப்பையும் தரும். பட்டுவிட்டால் தேய்க்காமல், ஒட்டும் நாடாவை அழுத்தி எடுத்து மயிரை நீக்கியபின் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.