வள்ளமும் கயிறும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் மகன் 57 அடி நீளமான ஒடுங்கிய கால்வாய்ப் படகு ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருக்கிறார். பின்பக்கத்துக்கு, மோதலைத் தாங்கும் கயிற்று மெத்தை, அதாவது ஃபென்டர் வேண்டுமாம். இங்கே தும்புக் கயிற்றில் முடைவித்து அனுப்பலாமா? அவரிடம் என்னென்ன அளவு கேட்க வேண்டும்?
- வாசகி, முள்ளியவளை

பதில்: தாராளமாக முடைவிக்கலாம் அம்மா. ஆனால் கயிற்றைப் பற்றி யோசிக்க முன்னம் சுக்கானை அளக்கச் சொல்லுங்கள். அந்தப் படகுகளில் சுக்கான் தகடு பின்விளிம்பையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பின்னுக்கு வந்து கரையில் மோதினால் முதலில் அடிபடுவது அதுதான். கீழே அது குந்தியிருக்கும் கிண்ணத்திலிருந்து கழன்றுவிட்டால் படகைத் திருப்ப முடியாது. ஆகவே சுக்கானை நேராக வைத்து, படகின் பின்விளிம்பிலிருந்து தகட்டின் கடைசி வரை கிடையாக அளக்க வேண்டும். அது 8 அங்குலம் என்றால் ஃபென்டர் 10, 11 அங்குலமாவது வெளியே நிற்க வேண்டும், ஏனென்றால் மோதும்போது அது அமுங்கும். ஒரே துண்டில் அவ்வளவு வராவிட்டால், வளைந்த பெரிய துண்டுக்குப் பின்னால் சிறியதொன்றைச் சேர்த்துக் கட்டுவார்கள்.

அடுத்தது உயரம். டீசல் தாங்கி பெரும்பாலும் பின்பக்கம், குடிநீர்த் தாங்கி முன்பக்கம். டீசல் நிரம்பி, தண்ணீர் குறைந்திருக்கும்போதுதான் பின்பக்கம் ஆகக் கீழே இறங்கும். அந்த நிலையில், மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளக்கட்டும். ஃபென்டர் தண்ணீரில் தொடக் கூடாது. தும்பு நீரை உறிஞ்சிப் பாரமாகும். அந்தக் குளிரில் காயவும் நாள் எடுக்கும், பிறகு உக்கத் தொடங்கும். பொலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் கயிறு நீரை உறிஞ்சாது, ஆனால் வெயிலில் நொறுங்கும். இங்கிலாந்து வெயிலுக்கு அது நன்றாகவே தாக்குப்பிடிக்கும் என்பதால், நீர்மட்டத்துக்குக் கிட்ட வரும் ஃபென்டருக்கு அதையே நான் சொல்வேன்.

முடைபவரிடம் சொல்ல வேண்டியது: நடுவில் கல்வனைஸ் சங்கிலி ஓடி, அதன் நுனிகள் வெளியே வர வேண்டும். பாரத்தைச் சங்கிலிதான் தாங்க வேண்டும். அதைச் சுற்றிப் பழைய கயிற்றை இறுக்கிச் சுற்றி, மேலே வரிசை வரிசையாக முடிச்சுப் போட்டு மூட வேண்டும். உள்ளீடு தளர்வாக இருந்தால் சீக்கிரமே சப்பையாகிவிடும்.

கட்டும்போது மேலே இரண்டு, கீழே இரண்டு சங்கிலி. ஒவ்வொன்றிலும் மற்றக் கண்ணிகளைவிட மெல்லிய ஷக்கிள் (சங்கிலியை இணைக்கும் கொளுவி) ஒன்று கட்டாயம். நீர்ப்பூட்டுக்குள் (தண்ணீரை நிரப்பியோ வடித்தோ படகை ஏற்றி இறக்கும் கதவுள்ள தொட்டி) தண்ணீர் ஏறும்போது ஃபென்டர் கதவுச் சட்டத்துக்குக் கீழே மாட்டினால் மேல்சங்கிலி இழுபடும்; இறங்கும்போது எதிலாவது தங்கினால் கீழ்ச்சங்கிலி இழுபடும். மெல்லிய ஷக்கிள் அறுந்தால் ஃபென்டரோடு போகும். அறாவிட்டால் படகே சரிந்து மூழ்கக்கூடும். கீழ்நோக்கி இறங்கும்போது மேற்கதவடியில் இருக்கும் படியை (படகின் பின்பக்கம் அதில் தங்கிவிடலாம்) காட்டும் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் சுக்கானும் ஃபென்டரும் நிற்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் கால்டர் அன்ட் ஹெபிள் கால்வாயின் நீர்ப்பூட்டுகள் சில ஏறக்குறைய 57 அடிதான். அங்கே போவதானால் ஃபென்டரைக் கழற்றி மேலே தூக்கி வைக்கக்கூடியதாகக் கட்ட வேண்டும்.

கேள்வி: ஃபைபர் வள்ளத்துக்குப் பழைய ரயர் போதாதா?
- வாசகர், கொக்கிளாய்

பதில்: போதும். மோட்டார் சைக்கிள் ரயர் பாரமில்லாதது. கம்பி வெளியே தெரியும் ரயர் வேண்டாம், ஃபைபரைக் கீறிவிடும். அடியில் ஓட்டை போடுங்கள். தேங்கும் மழைநீரில் டெங்கு நுளம்பு பெருகும். வெளியே தொங்கும் இஞ்சினை எந்த ரயரும் காக்காது. கட்டி நிறுத்தும்போது அதைத் தூக்கி வைத்துவிடுங்கள்.