வழக்குப் போடுமுன் உங்கள் பிளானை எடுத்துப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுக்கு முன்னால் 15 வருடமாக எங்கள் காரைத்தான் நிறுத்துகிறோம். எதிர்வீட்டுக்காரர் புதிதாகக் கார் வாங்கி, வேண்டுமென்றே அங்கே நிறுத்துகிறார். கேட்டால் கேவலமாகப் பேசுகிறார். கீழ்த்தளத்துப் பார்க்கிங்கைப் போர்ஷனாக்கி வாடகைக்கு விட்டிருப்பதால் காரை உள்ளே விட முடியாது. ரோட்டில் கல் போட்டுச் சங்கிலி கட்டினோம். கோபத்தில் என் மகன் அவருடைய டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டான். அவர் போலீஸில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றதற்கான ரசீது) வாங்கிவிட்டார். அவர் அங்கே நிறுத்தத் தடை கேட்டு வழக்குப் போடலாமா? (வாசகர், தமிழ்நாடு)

பதில்: போடாதீர்கள்.

அவர் பேசிய பேச்சையும் 15 வருடக் கணக்கையும் விட்டுவிடுவோம். பொது ரோட்டில் எத்தனை வருடம் கார் நிறுத்தினாலும் அந்த இடம் உங்களுக்குச் சொந்தமாகாது. உங்களுக்கு இருப்பது கேட்டிலிருந்து ரோட்டுக்குத் தடையில்லாமல் போய்வரும் உரிமை மட்டும். வாசலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்று 1989 முதலே சாலை விதிகளில் இருக்கிறது. அவர் கேட்டை மறித்தால் நம்பர் பிளேட்டும் கேட்டும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து டிராஃபிக் போலீஸுக்குக் கொடுங்கள். காம்பவுண்டை ஒட்டி, கேட்டை விட்டு நிறுத்தினால், அங்கே நோ பார்க்கிங் அறிவிப்பு இல்லாதவரை உங்களால் எதுவும் செய்ய முடியாது. நீங்கள் போட்ட கல்லும் சங்கிலியும்தான் ஆக்கிரமிப்பு. இன்றே எடுத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது, பார்க்கிங்கைப் போர்ஷனாக்கியதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி.

இந்த மாதிரி வழக்குகள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். நீங்கள் வழக்குப் போட்டதும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது அனுமதி வாங்கிய உங்கள் வீட்டு பிளானைத்தான். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு நகல் கேட்பார். பிளானில் கார் பார்க்கிங், நேரில் சமையலறையோடு ஒரு போர்ஷன். ரெண்டு போட்டோ போதும். மாநகராட்சிக்குப் புகார் போகும். அதிகாரிகள் அசையாவிட்டால், புகாரின் மேல் நடவடிக்கை எடுக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவார். காலக்கெடுவோடு ஒரு உத்தரவு வந்துவிட்டால், இத்தனை வருடம் கண்டுகொள்ளாத அலுவலகம் உடனே நோட்டீஸ் ஒட்டும். நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 56, 57 பிரிவுகள் இதற்குத்தான் இருக்கின்றன. சீல் வைக்கும் வரை போகும்.

"போர்ஷனுக்குத் தனியாக வீட்டு வரி கட்டுகிறோம், தனி ஈ.பி. மீட்டர் இருக்கிறது" என்று பலர் தைரியமாக வருவார்கள். வரி ரசீது கட்டட அனுமதி ஆகாது. மீட்டரும் ஆகாது. குடியிருப்பவரைத் திடீரென்று காலி செய்யச் சொல்லி, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, சுவரை இடித்துப் பழையபடி பார்க்கிங் ஆக்க வேண்டியிருக்கும். அதைவிட மோசம், அந்தக் கட்டத்தில் எதிர்வீட்டுக்காரரோடு ராசியானாலும் பயனில்லை. அவர் புகாரை வாபஸ் வாங்கலாம், நோட்டீஸ் வாபஸ் ஆகாது. விதிமீறல் உங்களுக்கும் அரசுக்கும் நடுவில் உள்ள விஷயமாகிவிடும்.

சிவில் வழக்கிலும் இதே போர்ஷன் விஷயம் உங்களைக் கவிழ்க்கும். வாதியின் நடத்தையே சரியில்லை என்றால் தடையுத்தரவு கிடையாது என்கிறது குறிப்பிட்ட பரிகாரச் சட்டம், 1963-இன் 41(ஐ) பிரிவு. சொந்தப் பார்க்கிங்கை வாடகைக்கு விட்டவர் ரோட்டில் இடம் கேட்கிறார் என்று ஒரே வாக்கியத்தில் எதிர்வாதம் முடிந்துவிடும்.

அப்புறம் உங்கள் மகன். காற்றைப் பிடுங்கியதோடு டயரோ வால்வோ கெட்டிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 324-ஆவது பிரிவில் வழக்குப் பதிய இடமிருக்கிறது. இப்போது வெறும் சி.எஸ்.ஆர். எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டால் பாஸ்போர்ட், அரசு வேலை என்று போலீஸ் சரிபார்ப்பு வரும் ஒவ்வொரு இடத்திலும் அவன் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பார்க்கிங் இடத்துக்கு இந்த விலை கொடுக்காதீர்கள்.

இந்த வாரமே சமரசம் பேசுங்கள். நீங்களும் மகனும் போகாதீர்கள், இருவருக்கும் வேண்டிய ஒருவரை அனுப்புங்கள். டயர் செலவைக் கொடுத்துவிடுங்கள், மகன் வருத்தம் தெரிவிக்கட்டும். கேட்டை மறிக்க மாட்டேன் என்று அவரும், வண்டியைத் தொட மாட்டோம் என்று நீங்களும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை ஸ்டேஷனில் கொடுத்து சி.எஸ்.ஆரை முடித்து வையுங்கள். போர்ஷனில் இருப்பவருக்கு முறையான அவகாசம் கொடுத்துக் காலி செய்ய வைத்து, காரை உள்ளே கொண்டுவாருங்கள். போர்ஷனைப் பற்றி யாரும் புகார் கொடுக்காத இந்த நேரத்தில் செய்தால் செலவு சுவரை இடிக்கும் கூலியோடு நிற்கும்.