கணினி கேள்வி பதில்: ஓடும் சர்வரில் எக்ஸ்ட்3 மாற்றம்

கேள்வி: எங்கள் அலுவலக மின்னஞ்சல் சர்வர் லினக்ஸ். டேட்டா டிஸ்க் 1 டெராபைட், அதன் ஃபைல்சிஸ்டம் (கோப்புகளை டிஸ்கில் அடுக்கும் முறை) இன்னும் பழைய எக்ஸ்ட்3. ஞாயிறு இரவு இரண்டு மணி நேரம்தான் நிறுத்தலாம். ஃபைல்சிஸ்டத்தின் அமைப்பை மாற்றும் டியூன்2எஃப்எஸ் கட்டளையால் அப்படியே புதிய வகையான எக்ஸ்ட்4 ஆக்கிவிடலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: முடியும், ஆனால் வேண்டாம். எக்ஸ்டென்ட் வசதி (அடுத்தடுத்த பிளாக்குகளை ஒரே தொகுதியாகக் குறித்துக்கொள்வது) இனி எழுதும் கோப்புகளுக்குத்தான் கிடைக்கும். பழைய கடிதங்கள் பழைய முறையிலேயே இருக்கும். ஐநோடு (ஒவ்வொரு கோப்பின் தேதி, உரிமையாளர் போன்ற விவரங்களை வைத்திருக்கும் பதிவு) 128 பைட் என்றால் 2038 ஜனவரிக்குப் பிந்தைய தேதிகளுக்கு அதில் இடமில்லை. மாற்றியதும் ஃபைல்சிஸ்டம் சோதனையும் ஓட்ட வேண்டும். இலட்சக்கணக்கான சின்னக் கோப்புகள் இருந்தால் உங்கள் இரண்டு மணி நேரமும் அதிலேயே போய்விடக்கூடும்.

புது டிஸ்க் வாங்கி, எக்ஸ்ட்4 போட்டு, ஆர்சின்க் (மறுபடி ஓட்டும்போது மாறியவற்றை மட்டும் நகலெடுக்கும் கருவி) மூலம் நகலெடுங்கள். ஃபார்மட் செய்யுமுன் பழைய டிஸ்கின் ஐநோடு கணக்கைப் பாருங்கள். வழக்கமாக 16 கிலோபைட்டுக்கு ஒரு ஐநோடு, அதாவது 1 டெராபைட்டுக்குச் சுமார் 6 கோடி. கடிதங்கள் அதைவிடச் சிறியவையாக இருந்தால் ஃபார்மட் செய்யும்போது 8192 (அத்தனை பைட்டுக்கு ஒரு ஐநோடு) என்று கொடுங்கள். இந்த விகிதத்தைப் பிறகு மாற்ற முடியாது.

முதல் நகலைச் செவ்வாயன்றே, சர்வர் ஓடும்போதே எடுக்கலாம். ஊழியர்களுக்கு வேகம் குறையாதிருக்க ஆர்சின்க்கின் பிடபிள்யூலிமிட் தெரிவில் வேக வரம்பு வையுங்கள். ஹார்டுலிங்க் (ஒரே கோப்புக்குப் பல பெயர்கள்), ஏசிஎல் (யார் எதைத் திறக்கலாம் என்ற அனுமதிப் பட்டியல்), கோப்புகளின் கூடுதல் பண்புகள் மூன்றுக்கும் உரிய தெரிவுகள் கட்டாயம். ஹார்டுலிங்க் தெரிவை விட்டால் ஒரே கடிதம் பல பிரதிகளாகி இடத்தை அடைத்துவிடும். வெள்ளியன்று மறுபடி ஓட்டுங்கள். சனி இரவு மூன்றாவது முறை, வரம்பில்லாமல் ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போது நகலெடுக்க அதிகம் இருக்காது. கோப்புறைகளை ஒப்பிடவே பெரும்பகுதி போகும். ஞாயிறு ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும்.

ஒவ்வொரு முறையும் இரண்டு டிஸ்கும் மவுண்ட் ஆகியிருக்கின்றனவா (சிஸ்டத்தோடு இணைந்திருக்கின்றனவா) என்று ஃபைண்ட்மவுண்ட் கட்டளையில் பாருங்கள். புது டிஸ்க் மவுண்ட் ஆகாமலிருந்தால் நகல் சிஸ்டம் இருக்கும் ரூட் டிஸ்கில் போய், அது நிரம்பி சர்வரே நின்றுவிடும். அதைவிட மோசம், பழைய டிஸ்க் மவுண்ட் ஆகாமல் டிலீட் தெரிவோடு (மூலத்தில் இல்லாததை நகலிலிருந்து நீக்குவது) ஓட்டுவது: எடுத்த நகல் முழுவதும் அழிந்துபோகும்.

ஞாயிறன்று போஸ்ட்ஃபிக்ஸ் (கடிதங்களை அனுப்பிப் பெறுவது), டவ்காட் (பெட்டியிலுள்ள கடிதங்களைப் பயனருக்குத் தருவது), கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுவது) மூன்றையும் நிறுத்தி, பழைய டிஸ்கை ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) ஆக்குங்கள். மறுத்தால், ஏதோ ஒரு புராசஸ் இன்னும் எழுதுகிறது, ஃபியூசர் கட்டளை அதைக் காட்டிக்கொடுக்கும். பிறகு டிலீட் தெரிவோடு கடைசி நகல், எஃப்எஸ்டேபில் (மவுண்ட் செய்ய வேண்டிய டிஸ்குகளின் பட்டியல்) புது டிஸ்கின் அடையாள எண்ணான யூயூஐடி, பழைய இடத்திலேயே மவுண்ட். கோப்புகளின் உரிமையாளரைச் சரிபார்த்துவிட்டுச் சேவைகளைத் தொடங்குங்கள். இடையில் வரும் கடிதங்களை அனுப்பிய சர்வர்கள் வரிசையில் வைத்து மீண்டும் அனுப்பும்.

கேள்வி: மின்னஞ்சல் டிஸ்குக்கு எக்ஸ்ட்4க்குப் பதில் எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம் போடலாமா?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: தாராளமாக. ஐநோடுகளைத் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்ளும். பெரிதாக்குவதும் எளிது, ஆனால் சுருக்குவது கடினம்; பின்னாளில் சுருக்கி வேறு பார்ட்டிஷனுக்கு இடம் எடுக்கும் எண்ணமிருந்தால் எக்ஸ்ட்4 போடுங்கள்.